புது ஆல்பத்தில் ஒலியை விரிப்பது: ப்ராக்ரெசிவ் மெட்டல் இசைக்குழுக்களுக்கு

செல்லோ, சிந்த், சாக்ஸ் என எதைச் சேர்ப்பதானாலும் முதலில் ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடரில்) இடம் விடுங்கள். முழுதாய் நிறைந்த ரிஃபின் மேல் எதை வைத்தாலும் காதில் விழாது. ஏழு கம்பி கிட்டாரின் தாழ்ந்த பி சுரம் சுமார் 62 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் பி அதில் பாதி, 31. ஆகவே சிந்த் பேடை (பின்னணியில் நீளும் சிந்தசைசர் ஒலியை) 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் கிக் டிரம் சேற்றில் புதைந்துபோகும்.

கிட்டாரின் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை) தயங்காமல் குறையுங்கள். இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே ரிஃபின் இரட்டைப் பதிவு இருக்கும்போது, தனியாகக் கேட்டால் கொஞ்சம் மெலிந்து தெரியும் அளவே மற்ற கருவிகளோடு சேரும்போது சரியாக உட்காரும்.

டிலே எனும் எதிரொலி எஃபெக்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேகம் நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் எட்டாம் பங்கு சுரம் 250 மில்லிசெகண்ட், 7/8 தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 1750. வழக்கமான 375 மில்லிசெகண்ட் டிலே அதற்குள் சரியாக அடங்காது. எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழும். 250 வைத்தால் தாளத்தோடு ஒட்டும். அந்த நழுவலே வேண்டுமென்றால் 375-ஐ வைத்துக்கொள்ளலாம், ஆனால் டிரம்ஸ் எளிமையாக இருக்கட்டும்.

மென்மையான பகுதியை மாஸ்டரிங்கில் (ஆல்பத்தின் இறுதி ஒலிச் சீரமைப்பில்) சத்தமாக்க விடாதீர்கள். அதற்கும் கனமான பகுதிக்கும் 6 டெசிபலாவது இடைவெளி இருந்தால்தான் ரிஃப் திரும்பி வரும்போது நெஞ்சில் அறையும். உறுமல் குரலே இல்லாமலும் ஆல்பம் நிற்கும்: ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத் 2003-இல் ‘டாம்னேஷன்’ ஆல்பத்தில் அதைச் செய்தார்கள்.