யோருபா சமயத்தைக் கொழும்பில் இருந்தபடி படிக்கத் தொடங்குவது எப்படி

கொழும்பில் யாரிடமாவது மேற்கு ஆபிரிக்க யோருபா மக்களின் சமயம் என்று சொன்னால் 'வூடூ தானே?' என்பார்கள், இல்லாவிட்டால் படத்தில் பார்த்த ஊசி குத்திய பொம்மையை நினைப்பார்கள். முதலில் இந்த இரண்டையும் தள்ளி வையுங்கள். ஹெயிட்டியின் வூடூ பெரும்பாலும் யோருபாக்களின் அயலவரான ஃபோன் மக்களின் வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. உறவு உண்டு, சில தெய்வங்கள் பொதுவானவை, ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பொம்மைக்கு இங்கே வேலையே இல்லை.

ஆபிரிக்க வரைபடத்தைத் திறந்து நைஜீரியாவின் தென்மேற்குப் பக்கத்தைப் பாருங்கள், அப்படியே பெனின், டோகோ வரை போங்கள். யோருபாக்களின் ஊர் அது. இலே-இஃபே, ஓயோ, ஒஷோக்போ என்ற மூன்று பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும், எதைப் படித்தாலும் இவை திரும்பத் திரும்ப வரும். உலகம் தொடங்கிய இடம் இலே-இஃபே என்பது அவர்கள் நம்பிக்கை. முழுமுதற் கடவுளான ஒலோடுமாரே நிலம் உண்டாக்க ஒபாட்டாலாவை அனுப்பினாராம், அவர் வழியில் கள் குடித்து உறங்கிவிட, ஒடுடுவா சங்கிலியில் இறங்கி வந்து நத்தை ஓட்டில் இருந்த மண்ணைத் தண்ணீர்மேல் கொட்ட, ஐந்து விரல் கோழி ஒன்று அதைக் கிளறிப் பரப்பியதாம். ஒபாட்டாலாவே வேலையை முடித்தார் என்ற கதையும் உண்டு. எது சரி என்று மினக்கெட வேண்டாம், ஊருக்கு ஊர் மாறுவது அங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை.

அடுத்தது ஒரிஷாக்கள், ஒலோடுமாரேக்குக் கீழே உள்ள தெய்வங்கள். ஒலோடுமாரேக்கென்று பொதுவாகக் கோவிலோ சிலையோ கிடையாது, அன்றாட வழிபாடு ஒரிஷாக்களுக்குத்தான். மரபு 401 என்று கணக்குச் சொல்லும். எல்லாரையும் மனப்பாடம் செய்யப் போகாதீர்கள், ஓகுன், ஷாங்கோ, ஓயா, ஓஷுன், யெமொஜா, எஷூ, ஒருன்மிலா என்று ஓர் ஏழு பேரோடு தொடங்கலாம். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. இரும்பின் ஒரிஷா ஓகுன் என்றதும் ஆயுத பூஜை ஞாபகம் வரும், இடியின் ஒரிஷா ஷாங்கோ என்றதும் 'அப்ப இந்திரன்' என்று வாய் சொல்லும். ஞாபகம் வரட்டும், ஆனால் சமன்பாடு போட்டு மூடிவிடாதீர்கள். ஷாங்கோ ஓயோவை ஆண்ட அரசர், நான்காவது அரசர் என்கிறது மரபு. ஓகுன் சாரதிகளுக்கும் கொல்லர்களுக்கும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் காவல், ஆனால் இரே என்ற ஊரில் சொந்த மக்களையே கோபத்தில் வெட்டிச் சாய்த்தவரும் அவரேதான். காக்கிற அதே இரும்புதான் கொல்கிறது. நைஜீரியாவில் பழைய வழிபாட்டுக்காரர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்வதென்றால் இரும்பைத் தொட்டுச் செய்வார்கள். 1986-ல் நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா தன் எழுத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டதும் ஓகுனைத்தான். இவ்வளவையும் 'நம்ம ஆயுத பூஜை மாதிரி' என்ற ஒரு வரியில் அடக்கினால் நட்டம் நமக்கே. எஷூவுக்கு நடந்தது இதைவிட மோசம்: சந்திகளில் நிற்கும் தூதரை, பலிகளை மேலுலகுக்குக் கொண்டு சேர்ப்பவரை, மிஷனரிமார் சாத்தானாக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒரிஷாக்களைவிட முதலில் படிக்க வேண்டியது ஓரி. ஓரி என்றால் தலை, வெளித்தலை அல்ல, உள்ளே இருக்கும் தலை. பிறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் அஜாலா என்ற குயவனிடம் போய்த் தன் தலையைத் தானே தெரிந்தெடுக்கிறார். அஜாலாவோ கவனம் இல்லாதவன், நன்றாகச் சுட்டதும் இருக்கும், வெடிப்பு விட்டதும் இருக்கும், பார்வைக்கு எல்லாம் அழகுதான். எடுத்துக்கொண்டு பூமிக்கு வரும்போது எடுத்ததே மறந்துபோகிறது. நமது தலையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பிரமன் எழுதவில்லை, தெரிவு உங்களுடையது, அதோடு வெடித்த தலையைப் பலியாலும் உழைப்பாலும் நல்ல குணத்தாலும் சீர்செய்ய முடியும். ஓரி சம்மதிக்காமல் எந்த ஒரிஷாவாலும் உதவ முடியாது என்பார்கள், அதனால் தங்கள் ஓரிக்கே படையல் வைக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடிக்கும்.

மறந்துபோன அந்தத் தெரிவை ஞாபகப்படுத்துவது எப்படி? அதற்குத்தான் இஃபா. குறி பார்ப்பவர் பாபலாவோ. 16 பனைக்கொட்டைகளை ஒரு கையில் வைத்து மறு கையால் அள்ளுவார், இரண்டு மிஞ்சினால் பலகையில் தூவிய பொடியில் ஒரு கோடு, ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு. இப்படி எட்டு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்று வருவதால் மொத்தம் 256 வடிவங்கள், இவை ஒடு எனப்படும், அதில் 16 மூத்தவை. வீட்டில் ஒரு தாளில் நாணயம் சுண்டி நீங்களே எட்டுக் குறி போட்டுப் பாருங்கள், குறி சொல்ல அல்ல, கணக்கு எப்படி ஓடுகிறது என்று புரிய. ஒவ்வொரு ஒடுவுக்கும் எக்கச்சக்கமான பாடல்கள். முன்பொரு காலத்தில் இன்னாருக்கு இந்தக் குறி வந்தது, பலி கொடு என்றார்கள், கொடுத்தார் அல்லது கொடுக்கவில்லை, பிறகு இது நடந்தது என்றுதான் பெரும்பாலான பாடல்கள் போகும். பாபலாவோ பாடிக்கொண்டே போவார், தன் கதை எது என்று வந்தவர்தான் கண்டுபிடிப்பார். நம் நாடிசோதிடத்தில் ஏடு இருக்கிறது, இங்கே ஏடு பாபலாவோவின் தலைக்குள் இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் படித்து ஏற்றியது. 2005-ல் யுனெஸ்கோ இஃபாவை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளில் ஒன்றாக அறிவித்தது.

பரவிய கதை வேதனையான கதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு உடைந்து போர்கள் மூண்டபோது பிடிபட்டவர்கள் கூட்டங்கூட்டமாகக் கியூபாவுக்கும் பிரேசிலின் பாஹியாவுக்கும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கியூபாவில் அடிமைமுறை 1886 வரை, பிரேசிலில் 1888 வரை இருந்தது. கியூபாவில் லுக்குமி அல்லது சந்தேரியா, பிரேசிலில் கந்தோம்ப்ளே, ட்ரினிடாடில் ஒரிஷா என்று அது பெயர் மாறி வாழ்ந்தது. ட்ரினிடாடில் சில ஒரிஷா வழிபாட்டிடங்களில் இந்துத் தெய்வங்களுக்கும் இடம் உண்டு, நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவு அல்லவா. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவிலிருந்து கிளம்பியவர்கள் மயாமிக்கும் நியூயோர்க்குக்கும் கொண்டுபோனார்கள். நைஜீரியாவிலோ இன்று யோருபாக்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள் அல்லது கிறிஸ்தவர்கள்.

அடிமைகளாகப் போனவர்கள் கத்தோலிக்கப் புனிதர்களுக்குள் ஒரிஷாக்களை மறைத்து வைத்தார்கள் என்று எல்லா இடத்திலும் வாசிப்பீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை நெற்றியில் திருநீற்றோடு மெழுகுதிரி ஏற்றுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிகம் கஷ்டம் இல்லை, ஆனால் நம்மை யாரும் சங்கிலியில் கட்டி ஞானஸ்நானம் கொடுத்து அங்கே அனுப்பவில்லை என்பதை மறக்கக்கூடாது. யார் எந்தப் புனிதர் என்ற பட்டியலையும் அப்படியே நம்பாதீர்கள். ஓகுன் கியூபாவில் பேதுரு, ரியோவில் ஜோர்ஜியார், பாஹியாவில் அதே அந்தோனியார். ஆண்மை பொங்கும் ஷாங்கோ கியூபாவில் புனித பார்பரா என்ற பெண். 1983-ல் பாஹியாவின் மூத்த குருத்தாய்மார் சிலர், ஸ்டெல்லா அம்மையாரும் அவர்களில் ஒருவர், புனிதர்களும் ஒரிஷாக்களும் வேறு வேறு, இனிக் கலக்க வேண்டாம் என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், இரு தரப்பையும் கேளுங்கள்.

இணையத்தில் தேடும்போது ஒன்று: ஷாங்கோவின் முதல் எழுத்து யோருபாவில் கீழே புள்ளியிட்ட எஸ், கியூபாவில் சி எச், பிரேசிலில் எக்ஸ். மூன்று விதமாகவும் தேடினால்தான் மூன்று உலகமும் கண்ணில் படும். கூடவே 'உங்கள் ஓரியைத் திறந்து தருகிறேன், டொலர் அனுப்புங்கள்' என்று உள்பெட்டிக்கு வருகிறவர்களும் படுவார்கள். ஒரு சதமும் அனுப்பாதீர்கள், பிறந்த திகதியும் கொடுக்காதீர்கள். படிப்பதற்கு யாருடைய தீட்சையும் தேவையில்லை.

மிருக பலி பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். முன்னேஸ்வரம் காளி கோவில் பலி பற்றி இங்கே எழுந்த வாதங்கள் ஞாபகம் இருக்கும்தானே, அதே போன்ற வழக்கு புளோரிடாவில் ஹயாலியா நகரசபைக்கும் ஒரு லுக்குமி சபைக்கும் இடையே நடந்தது. 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதிகூட மாறுபடாமல் லுக்குமி சபைக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சமயத்தைக் குறிவைத்தே பலியைத் தடுக்கும் நகரசபைச் சட்டம் போடப்பட்டது என்பதுதான் காரணம். பலி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், எனக்கும் கஷ்டம்தான், ஆனால் தீர்ப்பின் காரணத்தை வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

புத்தளம் பக்கம் சிரம்பியடியில் இருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினரை யோருபாவோடு முடிச்சுப் போட வேண்டாம். அவர்களுடைய முன்னோர் பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், இன்று கத்தோலிக்கர், அவர்களுடைய மஞ்ஞா பாட்டு தனியான செல்வம்.

நேரடியாகப் பார்க்க விரும்பினால் கலண்டரில் குறித்துவையுங்கள். பெப்ரவரி 2 பாஹியாவின் சல்வடோர் நகரில் யெமொஜாவுக்கு, அவர்கள் சொல்வது யெமன்ஜா, கடலில் பூவும் வாசனைத் திரவியமும் விடும் நாள். படகுகள் கிளம்புவது பிற்பகலில், அவர்கள் நமக்கு எட்டரை மணித்தியாலம் பின்னால், அதனால் நேரலை பார்க்க நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும். ஓகஸ்ட் 20 நைஜீரியாவின் தென்மேற்கு மாநிலங்கள் பல இஷேஷே நாளாகக் கொண்டாடுகின்றன, பழைய வழிபாட்டின் நாள். அதே மாதம் ஒஷோக்போவில் ஓஷுன் திருவிழா, 16 திரி விளக்கேற்றி, கடைசியில் ஒரு கன்னிப்பெண் தலையில் படையல் சுமந்து ஆற்றங்கரைக் காட்டுக்குப் போவாள், 2005 முதல் உலக மரபுரிமைத் தலம் அது. நைஜீரியா நமக்கு நாலரை மணித்தியாலம்தான் பின்னால், அங்கே நண்பகல் ஊர்வலம் என்றால் இங்கே பின்னேரம் நாலரைக்குப் பார்க்கலாம்.