முதல் ரோடு பைக் வாங்குவது எப்படி: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் உள்ள, தார்ச் சாலைக்கான சைக்கிள்தான் ரோடு பைக். குறைந்த விலை ரோடு பைக்கில் எல்லாப் பாகமும் நன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. ஃபிரேம் நன்றாக இருந்தால் சீட்டிலோ டயரிலோ மிச்சம் பிடித்திருப்பார்கள். அதில் தப்பும் இல்லை. சீட், டயர், பெடல், பிரேக் கட்டை எல்லாம் தேயத் தேய மாற்றிக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஃபிரேமின் அளவு, டயருக்கு விட்டிருக்கும் இடைவெளி, எந்த வகை பிரேக்குக்காகச் செய்த ஃபிரேம் என்பதெல்லாம் வாங்கிய அன்று இருந்தபடியேதான் கடைசிவரை இருக்கும். பின் ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) கியர் லீவரையும் மாற்றலாம்தான், ஆனால் மாற்றுகிற செலவில் வண்டியின் விலையில் பெரும் பங்கு போய்விடும். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கும்போது ‘இதைப் பிறகு மாற்ற முடியுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பணத்தைப் பிரித்து வைத்தல்

கையில் இருக்கும் மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் சைக்கிள் தேட வேண்டும். ஹெல்மெட், முன் பின் விளக்குகள், அழுத்தமானி உள்ள பம்ப், 2 மாற்று டியூப், 2 டயர் லீவர், 4, 5, 6 மிமீ அலன் கீ உள்ள மடக்குக் கருவி, செயின் ஆயில் ஆகியவை முதல் வாரத்திலேயே தேவைப்படும். பல ரோடு பைக்குகள் பெடல் இல்லாமலே விற்கப்படுகின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரோடு பைக் டியூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். மெல்லியதாக, நுனியில் ஒரு சின்னத் திருகோடு இருப்பது அதுதான். திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் பம்பின் தலை இதில் உட்காராது. நடுவில் மாட்ட ஒரு குட்டிப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், பையில் ஒன்று போட்டு வைக்கலாம்.

2. உங்கள் அளவு

இந்த ஒரு படியில் சறுக்கினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. செருப்பைக் கழற்றிவிட்டு முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, அதன் ஓரம் சுவரில் பட்டிருக்கும்படி வைத்து, சீட்டில் உட்காரும் அளவுக்கு மேலே அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை உள்ள உயரம்தான் உங்கள் உள்கால் அளவு. மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால் சீட் உயரம் வரும். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை, சீட் குழாயின் சாய்விலேயே டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். உள்கால் 80 செமீ என்றால் சீட் உயரம் சுமார் 70.6 செமீ. இது தொடக்கப் புள்ளிதான், ஓட்டிப் பார்த்து அரை செமீ ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபிரேம் அளவு. 52, 54, 56 என்று ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொரு நிறுவனத்தின் 52 ஆக இருக்கும். அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து முன் தலைக் குழாயின் மேல் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே நுனி எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். இரண்டு சைக்கிள்களை ஒப்பிட நம்பத்தக்க எண்கள் இவைதான். ரீச் கூடினால் கை நீண்டு நீட்ட வேண்டும். ஸ்டாக் குறைந்தால் முதுகு தாழக் குனிய வேண்டும். புதிதாக ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் உள்ள, ‘எண்டூரன்ஸ்’ என்று சொல்லப்படும் வகைதான் ஒத்துவரும்.

பெரிய அளவு மட்டும் இருப்பில் உள்ள கடையில் ‘சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும்’ என்பார்கள். சரியாகாது. சீட்டை இறக்கினால் முழங்கால்தான் அதிகமாக மடங்கி வலிக்கும், ஃபிரேமின் நீளம் அப்படியேதான் இருக்கும். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை 10 முதல் 20 மிமீ வரை குட்டையாக மாற்றலாம். அதற்கு மேல் குறைத்தால் ஸ்டியரிங் பதற்றமாகிவிடும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடுங்கள். சின்ன ஃபிரேமை ஸ்டெம்மாலும் சீட் தண்டாலும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், பெரியதை அதற்கு மேல் சுருக்க வழியில்லை. முதுகு வளையாதவர்கள் மட்டும் சின்ன அளவின் ஸ்டாக்கையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சின்ன ஃபிரேம்களில் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பும்போது கால் விரல் முன் டயரில் தட்டலாம். இது பழுது இல்லை. நடை வேகத்தில் திரும்பும்போதுதான் நடக்கும், ஓடும் வேகத்தில் அவ்வளவு திருப்பவே மாட்டீர்கள்.

3. ஃபிரேமும் டயர் இடைவெளியும்

இந்த விலைக்கு அலுமினியம் போதும். கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) கிடைத்தால் நல்லது, எடை குறையும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ‘ஹை டென்சைல்’ என்று எழுதியிருக்கும் ஸ்டீல் ஃபிரேம் கனமாக இருக்கும். குரோமோலி ஸ்டீல் வேறு ரகம், அது நல்லது. நல்ல தொடக்கநிலை ரோடு பைக் 10 கிலோ, 11 கிலோ அளவில் இருக்கும். அரைக் கிலோ வித்தியாசத்துக்காகப் பேரம் பேசும் நேரத்தை டயர் இடைவெளியைப் பார்ப்பதில் செலவிடலாம்.

23, 25 மிமீ டயர்தான் வேகம் என்ற நினைப்பு பழையது. கரடுமுரடான தார்ச் சாலையில் 28 மிமீ டயர் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் அதிர்வு இல்லாமல் ஓடும். ஓரம் நசுங்கி வரும் பாம்புக்கடிப் பஞ்சரும் குறையும். ஆகவே 28 கட்டாயம் போக வேண்டும், 32 போனால் இன்னும் நல்லது. ஃபோர்க்கின் உச்சியிலும், பின் சக்கரம் சீட் குழாயை நெருங்கும் இடத்திலும், கிராங்குக்குப் பின்னால் இருக்கும் குழாய்களுக்கு நடுவிலும் பாருங்கள். டயருக்கு இரு பக்கமும் 4 மிமீயாவது காலியாக இருக்க வேண்டும். மட்கார்டு மாட்ட மரை போட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

4. பின் ஹப்: பிரீவீலா, கேசட்டா?

விளம்பரத்தில் யாரும் எழுதாத விஷயம் இது. மலிவான வண்டிகளில் ஹப்பின் மேல் மரையில் திருகி மாட்டும் பிரீவீல் இருக்கும். அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் குண்டுகள் பல் சக்கரங்களுக்கு உட்பக்கமாக இருப்பதால், அதற்கு வெளியே ஆக்சில் (சக்கர அச்சு) தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். குழியில் இறங்கி ஏற ஏற ஆக்சில் வளையும், கனமானவர் ஓட்டினால் ஒடிந்தும் போகும். கேசட் ஹப்பில் சுழலும் பகுதி ஹப்போடே சேர்ந்திருக்கும். குண்டுகள் வெளி ஓரம்வரை வருவதால் ஆக்சிலுக்குத் தாங்கல் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். பின் சக்கரத்தின் வலப்பக்கம், நடுவில் கருவி மாட்டுவதற்கான பள்ளங்களைப் பாருங்கள். பல் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றும்போது பள்ளங்களும் சேர்ந்து சுற்றினால் கேசட். அவை அசையாமல் நின்றால் பிரீவீல். 8 கேசட் ஹப்பில் பிற்காலத்தில் 9, 10 போட்டுக்கொள்ளலாம். பிரீவீல் ஹப்பில் அது நடக்காது.

5. கியர்

கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வரிசை கீழிருந்து மேலாக இப்படிப் போகும்: டூர்னி 7 கியர், கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10. இது பின்பக்கப் பல் சக்கரங்களின் எண்ணிக்கை. 2025 முதல் வளைந்த ஹேண்டில்பாருக்கான கியூஸ் வரிசையும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் லீவரைப் பழைய வரிசை டிரெய்லியரோடு (செயினைப் பல் சக்கரம் மாற்றும் கருவி) கலந்து மாட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த இடம் 7 இலிருந்து 8 க்குப் போவதுதான். டூர்னி ஏ070 லீவரில் ஒரு திசைக்கு மாற்றும் பொத்தான் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்கும். ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் கை இருந்தால் அது எட்டாது. கிளாரிஸில் அந்தச் சிக்கல் இல்லை. 8 கியர் செயினும் கேசட்டும் விலை குறைவு, கேபிள் சற்றுத் தளர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 8 இலிருந்து 9 க்குப் போவது சும்மா ஒரு கியர் கூடுவதுதான், அதற்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

கண்ணில் படும் பின் டிரெய்லியரை மட்டும் உயர் வரிசையில் போட்டுவிட்டு லீவர், கிராங்க், பிரேக் எல்லாவற்றிலும் பெயரில்லாத சரக்கைப் போடுவது பழைய தந்திரம். ஒவ்வொன்றாகப் பெயர் கேளுங்கள்.

மேட்டில் ஏற உதவுவது மிக இலகுவான கியர், அதாவது முன்னால் சின்னப் பல் சக்கரமும் பின்னால் பெரிய பல் சக்கரமும். முன்னால் 50/34 பற்கள், பின்னால் 11 முதல் 32 என்று இருந்தால் 34 ஐ 32 ஆல் வகுத்து 1.06. பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 2.26 மீட்டர் நகரும். மலிவு வண்டிகளில் 52/42 கிராங்கோடு 28 பல் பிரீவீல் வந்தால் அந்தக் கணக்கு 1.5, ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர். காலுக்கு அந்த வித்தியாசம் முதல் மேட்டிலேயே தெரிந்துவிடும்.

6. பிரேக்

டிஸ்க் என்றால் உயர்த்தி என்று எண்ணிவிடாதீர்கள். விலை குறைந்த கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கக் கட்டை மட்டும் நகர்ந்து தகட்டை மறுபக்கக் கட்டையோடு அழுத்தும். தேயத் தேய உள்கட்டையைத் திருகி உள்ளே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீவர் அதிகம் உள்ளே போய்ப் பிடிப்பு குறையும். செயின் ஆயில் ஒரு துளி தெறித்தாலும் பிடிப்பு போய்க் கீச்சிடும். அந்த விலையில் சக்கர வளையத்தின் இரு பக்கமும் கட்டையால் பிடிக்கும் ‘இரட்டைப் பிவட்’ ரிம் பிரேக்கே மேல், நல்ல ரப்பர் கட்டை போட்டால் நன்றாகவே நிற்கும். அடிக்கடி மழையில் ஓட்டுபவர்களுக்கும் அகலமான டயர் வேண்டுபவர்களுக்கும் மட்டும் நல்ல டிஸ்க் தேடுவதில் பொருள் உண்டு.

7. ஓட்டிப் பார்த்தல்

சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்த பிறகுதான் ஏற வேண்டும். 20 நிமிடமாவது ஓட்டுங்கள். லீவரின் மேல் முனையைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நிற்கிறது, அல்லது உங்களையறியாமல் சீட்டின் நுனிக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றால் ஃபிரேம் நீளம். எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றுங்கள், பெரிய பல்லோடு பெரிய பல் சேர்வதை மட்டும் தவிர்த்துவிடலாம். கீழ் வளைவைப் பிடித்தபடி விரல் பிரேக்குக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சின்னக் கைகளுக்கு லீவரை உள்ளே கொண்டுவரும் திருகு பல மாடல்களில் உண்டு, கடைக்காரரே செய்து தருவார்.

8. பழைய வண்டி என்றால்

அதே பணத்துக்கு ஒரு படி மேலான வண்டி கிடைக்கும், ஆனால் அரை மணி நேரம் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். தலைக் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் அடியில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் முன்னால் மோதிய வண்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

செயினில் 12 முழுக் கண்ணிகள் புதிதாக இருக்கும்போது சரியாக 304.8 மிமீ. ஸ்கேல் வைத்து அளந்தால் 306.4 ஐத் தொட்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 307.8 ஐத் தாண்டியிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டால் பல்லில் வழுக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தலைக் குழாயில் ஆட்டம் இருந்தால் தெரியும். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் அச்சின் ஆட்டம் தெரியும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி பிரேக் கட்டையை உற்றுப் பார்த்தால் ரிம் கோட்டம் தெரியும். கோட்டம் எடுத்துவிடலாம். ஆனால் பிரேக் படும் ரிம் பக்கம் குழிந்திருந்தால் ரிம்மே மாற்ற வேண்டும். சீட் தண்டைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், அலுமினியத் தண்டு ஸ்டீல் ஃபிரேமில் ஒட்டிப்போயிருந்தால் எடுப்பது பெரும்பாடு. கிராங்குக்கு அடியில் உள்ள ஃபிரேம் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

9. பெட்டியில் வந்தால்

முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் மட்டும் மாட்டும்படி வரும். ஃபோர்க்கைப் பின்னோக்கி மாட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஃபோர்க்கின் வளைவு முன்னால் பார்க்க வேண்டும், ரிம் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். இடது பெடலுக்கு எதிர் மரை, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றித்தான் இறுக்க வேண்டும். முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். ஸ்பானரை முதலிலேயே மாட்டினால் மரை கெட்டு கிராங்க் வீணாகும். பெடல் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுவது நல்லது. ஸ்டெம் போல்ட்டுகளைச் சுமார் 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்டெம்மிலேயே அளவு பொறித்திருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். சீட் தண்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

முதல் 200 கிமீக்குள் கேபிள் உறைகள் அமுங்கி கியர் தயங்கித் தயங்கி விழும். பின் டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை, கேபிள் இறுகும் பக்கமாக அரைச் சுற்று திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சதுர அச்சு கிராங்க் உள்ள வண்டியானால் முதல் 50 கிமீ முடிந்ததும் இரு பக்க கிராங்க் போல்ட்டையும், முக்கியமாக இடது பக்கத்தை, இன்னொரு முறை இறுக்குங்கள். தளர்ந்ததோடு ஓட்டினால் அலுமினியத்தில் இருக்கும் சதுர ஓட்டை உருண்டுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கிராங்க் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.