வேலைக்கு போய்ட்டே கோடிங் கத்துக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

வேலை முடிஞ்சு சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல வூட்லண்ட்ஸ் போற நேரமெல்லாம் போன்ல வீடியோ பாத்து பாத்தே மூணு மாசம் ஓட்டினேங்க, எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு, ஆனா லேப்டாப்ப தொறந்தா ஒரு வரி எழுத வரல. அப்புறம் வீடியோவ ஓரங்கட்டிட்டு என்னோட ஓவர்டைம் (OT) சம்பளக் கணக்கு போட பைத்தான்ங்கிற கோடிங் மொழில ஒரு குட்டி புரோகிராம் எழுத உக்காந்தேன், அங்கதான் கை ஓட ஆரம்பிச்சுச்சு.

மொத நாளே கூத்து. மணிக்கு எத்தன வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)னு புரோகிராம கேக்க வச்சு 12ன்னு டைப் பண்ணேன், அத 3 மணி நேரத்தால பெருக்கினா 36 வரணும்ல? வந்தது 121212! (அவ்ளோ சம்பளம் குடுத்தா நான் ஏன் கோடிங் படிக்கப்போறேன்.) விஷயம் என்னன்னா இன்புட் (input) கேக்குறப்ப நாம அடிக்கிறத பைத்தான் எழுத்தாத்தான் எடுத்துக்கும், எழுத்த 3ஆல பெருக்கினா மூணு தடவ ஒட்டி வச்சிடும், முழு எண்ணுக்கு இன்ட் (int), புள்ளி வச்ச எண்ணுக்கு ஃப்ளோட் (float) போட்டு நம்பரா மாத்தணும்.

செவப்புல நீளமா எரர் வந்தா பயப்படாதீங்க, கடைசி வரிய மொதல்ல படிங்க, என்ன தப்புன்னு அங்கதான் இருக்கும், எந்த வரில மாட்டுச்சுங்கிறது அதுக்கு கொஞ்சம் மேல.

அப்புறம் சிங்கப்பூர் சிட்டிசனா இருந்து 25 வயசு ஆயிருந்தா, கோர்ஸ் படிக்க அரசாங்கம் உதவுற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்துல 500 வெள்ளி கிரெடிட் இருக்கு, 40 ஆனவங்களுக்கு 2024 மே மாசத்துலருந்து குறிப்பிட்ட கோர்ஸ்களுக்கு இன்னும் 4000. ஆனா அவசரப்பட்டு கொட்டாதீங்க, இந்த மாதிரி ரெண்டு மூணு புரோகிராம் சொந்தமா எழுதிப்பாத்துட்டு போய் சேருங்க.