குடும்ப எம்பிவி வண்டிக்குப் பேட்டரி மாற்றுதல்: கோலாலம்பூரில் ஆகும் செலவும் கவனிக்க வேண்டியவையும்

அல்சா, எக்ஸோரா, இன்னோவா, செரினா போன்ற எம்பிவி வண்டிகளை (மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வண்டிகளை) வைத்திருக்கும் குடும்பங்கள் பேட்டரிக்கு விலை விசாரிக்கும்போது, ஒரே வண்டிக்குக் கடைக்குக் கடை நூறு ரிங்கிட்டுக்கும் மேல் வேறுபாடு வருவதைப் பார்த்துக் குழம்புவதுண்டு. கடைக்காரர்கள் அனைவரும் நியாயமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் விலை சொன்னது ஒரே பொருளுக்காக இருந்திருக்காது. ஆகவே விலை கேட்பதற்கு முன், பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா, மாற்றுவதென்றால் எந்த வகை வேண்டும் என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலில் சோதனை. வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன் மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலியாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்போதும் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் கோளாறு, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். புதிய பேட்டரி போட்டாலும் அதுவும் விரைவில் காலியாகி, கொடுத்த பணம் வீணாகும். முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் படிவத்தையும் கவனியுங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, கிளாம்ப்பை இறுக்கினாலே சில வண்டிகள் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். அதற்குச் செலவே இல்லை.

நம் ஊர் வெயிலும், நெரிசலில் ஏசி ஓட ஊர்ந்து செல்லும் பயணங்களும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கின்றன. இங்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்தாலே அது நியாயமான உழைப்பு. அந்த வயதை எட்டிய பேட்டரியைத் தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ புறப்படும் முன்பே சோதித்துவிடுவது, குழந்தைகளோடு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காத்துக்கிடப்பதைத் தவிர்க்கும்.

அடுத்தது வகை. பழைய பேட்டரியின் மேல் என்எஸ்60எல், 55டி23எல் என்பது போல ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 55டி23எல் என்பதில் 55 திறனையும், டி அகல உயரத்தையும், 23 நீளத்தைச் சென்டிமீட்டரிலும், கடைசி எழுத்து முனைகள் அமைந்திருக்கும் பக்கத்தையும் குறிக்கின்றன. எல் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. முந்தைய உரிமையாளர் தவறான அளவைப் பொருத்தியிருக்கவும் கூடும் என்பதால், வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பு.

சாதாரண வகை பேட்டரிகள் அளவையும் பிராண்டையும் பொறுத்துச் சுமார் 200 முதல் 400 ரிங்கிட்டுக்குள் அடங்கும். சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நின்று மீண்டும் இயங்கும் வசதி உள்ள வண்டிகளுக்கு அந்தச் சுமையைத் தாங்கும்படி வலுவாகச் செய்யப்பட்ட இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் தேவை. இவற்றின் விலை கணிசமாகக் கூடும், பெரிய ஏஜிஎம் பேட்டரி என்றால் 600 ரிங்கிட்டையும் தாண்டலாம். விலை குறைவு என்பதற்காக அந்த இடத்தில் சாதாரண பேட்டரியைப் போட்டால், அடிக்கடி நின்று முடுக்கும் சுமையைத் தாங்காமல் அது சீக்கிரமே பழுதாகும். எஸ்-ஹைபிரிட் செரினா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் உள்ளன. எனவே கடைக்காரர் சொல்லும் விலை ஒன்றுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விளம்பரங்களில் காணும் விலை பெரும்பாலும் பழைய பேட்டரியைக் கொடுத்தால் மட்டுமே பொருந்தும். அதிலுள்ள ஈயத்துக்கு மதிப்பு உண்டு என்பதால்தான் கடைக்காரர் அதைக் கேட்கிறார். கேட்பதில் தவறில்லை, ஆனால் அதற்காக எவ்வளவு கழித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பழைய பேட்டரியைக் குப்பையில் மட்டும் போடாதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி ஈய அமில பேட்டரிகள் மலேசியாவில் அட்டவணையிடப்பட்ட கழிவுகள், அதாவது தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவுகளாகும்.

வீட்டுக்கே வந்து மாற்றித்தரும் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கிடைக்கிறது. நள்ளிரவிலோ தொலைவான இடத்திலோ அழைத்தால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். நீங்களே மாற்றுவதானால், கழற்றும்போது எதிர்முனையை (‘−’ குறியுள்ள முனையை) முதலிலும், பொருத்தும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள். ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறப்பதை இந்த வரிசைதான் தடுக்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால், சில வண்டிகளில் கடிகாரம், ரேடியோ, ஜன்னல் கண்ணாடிகளின் தானியங்கி இயக்கம் ஆகியவற்றை மீண்டும் சரிசெய்ய நேரிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் உற்பத்தித் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். குறியீடு பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் அதைப் படித்துக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல மாதங்கள் அலமாரியில் கிடந்த சரக்கை மறுத்துவிடலாம். உத்தரவாதம் 12 மாதமா 18 மாதமா என்பதோடு, அது எதற்கெல்லாம் செல்லாது என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். நிறுத்திய வண்டியிலும் இயங்கும் டாஷ்கேம் (வண்டியின் முன்புறம் பொருத்தும் கேமரா) பேட்டரியைக் காலியாக்கியிருந்தால், அதைப் பயனர் தவறு என்று சொல்லி மாற்றித்தர மறுக்கும் கடைகள் உண்டு.