காட்டுயிர்ச் செய்தி எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

காடு பிடிக்கும், விலங்குகள் பிடிக்கும், அதனால் அதைப் பற்றியே எழுதப் போகிறேன் என்று வருகிறவர்கள்தான் காட்டுயிர் இதழியலில் அதிகம். நல்ல காரணம்தான். ஆனால் இந்தத் துறையின் பெரிய தவறுகள் பலவும் அந்தப் பிரியத்திலிருந்தே கிளம்புகின்றன. சாலை ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது சளைக்காமல் கேட்கிற கேள்விகளை, புலியைப் பற்றி எழுதும்போது கேட்காமல் விட்டுவிடுகிறோம். இந்த எண்ணை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? புலி அழகாக இருக்கிறது என்பதற்காக இந்தக் கேள்விகள் காலாவதியாகிவிடாது.

முதலில் எண்ணிக்கை. 2023 ஏப்ரலில் புலிகள் கணக்கெடுப்பின் முடிவு வெளியானது. 3,167 என்றார்கள். அதற்கு முந்தைய 2018 கணக்கு 2,967. கழித்துப் பார்த்து "200 புலிகள் கூடின" என்று தலைப்பு போட்டாயிற்று, சதவீதமும் போட்டாயிற்று. ஆனால் 2,967 என்பது 2018 மதிப்பீட்டின் சராசரி. அதன் வரம்பு 2,603 முதல் 3,346 வரை. 3,167 என்பதோ புதிய மதிப்பீட்டின் குறைந்தபட்சம். ஒரு கணக்கின் நடுப்புள்ளியை இன்னொரு கணக்கின் அடிப்புள்ளியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் சராசரி 3,682, மேல்வரம்பு 3,925 என்று விவரம் வந்தது. சராசரியைச் சராசரியோடு ஒப்பிட்டால் உயர்வு 700க்கும் மேல். ஏப்ரல் தலைப்புகள் இன்றும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணும் பொய் இல்லை. எழுதியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: இது எண்ணியதா, மதிப்பிட்டதா? புலியைத் தலை எண்ணுவது போல யாரும் எண்ணுவதில்லை. காட்டுப் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். ஒரு புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறு வேறு என்பதால், இரண்டு பக்கமும் படம் கிடைத்தால்தான் அது இன்ன புலி என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பக்கப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரே புலி இரண்டாகிவிடும். இப்படி அடையாளம் கண்ட புலிகளிலிருந்து, கேமராவில் சிக்காதவை எத்தனை இருக்கும் என்று கணித முறையில் மதிப்பிடுகிறார்கள். இந்த வழிமுறை தெரியாமல் எண்ணை மட்டும் வாங்கிப் போடுவது, முகவரி இல்லாத கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போடுவது மாதிரி.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பதை 2005இல் வெளிக்கொண்டுவந்தவர் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர் ஜெய் மஜூம்தார். அரசு ஏட்டில் அப்போதும் அங்கே புலிகள் உயிரோடு இருந்தன. கால்தடத்தை வைத்துக் கணக்கெடுத்த காலம் அது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து சிபிஐ விசாரணை வந்தது, புலிகள் பணிக்குழு அமைந்தது, 2006இல் சட்டம் திருத்தப்பட்டுத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது. இன்றைய கேமரா கணக்கெடுப்பு முறைக்கும் அதுதான் வழி திறந்தது.

அடுத்தது "ஊருக்குள் புகுந்த சிறுத்தை". நமக்கு வரும் காட்டுயிர்ச் செய்திகளில் சலிக்காமல் வருவது இதுதான். கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கண்காணிப்புக் கேமராக் காட்சி. நள்ளிரவு தாண்டிய நேரம், ஆளில்லாத தெரு, ஒரு சிறுத்தை சுவரோரமாக நடந்து போகிறது, எங்கோ நாய் குரைக்கிறது, அவ்வளவுதான். அது யாரையும் தேடவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. இதற்குப் "பொதுமக்கள் பீதி" என்று தலைப்பு போட்ட பிறகுதான் பீதியே ஆரம்பிக்கிறது. அந்தச் சிறுத்தை எத்தனை ஆண்டுகளாக அந்தப் பக்கம் நடமாடுகிறது, இதுவரை யாரையாவது தாக்கியிருக்கிறதா, தெருவில் குப்பையும் நாய்களும் பெருகியிருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் "கூண்டு வைக்கக் கோரிக்கை". அதற்கு மறுநாள் கூண்டு.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவது தீர்வு என்று நம்மில் பலர் யோசிக்காமலே எழுதிவிடுகிறோம். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் இதைத்தான் செய்தார்கள். சிறுத்தை ஆய்வாளர் வித்யா அத்ரேயாவும் அவரது குழுவினரும் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். 1993 முதல் 2001 வரை, மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. பெரிய அளவில் பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகு சராசரி 17. பழக்கமான எல்லையை இழந்து, கூண்டிலும் மனிதர்களிடமும் சிக்கி, தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட விலங்கு எப்படி நடந்துகொள்ளும்? பிடிபட்ட சிறுத்தையைக் கூண்டுக்குள் படமெடுத்து "மக்கள் நிம்மதி" என்று எழுதுவதற்கு முன்னால், அதை எங்கே கொண்டுபோய் விட்டார்கள், அந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்னார்களா என்று கேட்பதுதான் நம் வேலை.

செய்தி எழுதும் விதம் மாறினால் ஏதாவது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மும்பையைப் பார்க்கலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றிச் சிறுத்தைகளும் பெருங்கூட்டமான மக்களும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். 2011இல் வனத்துறை, ஆய்வாளர்கள், நகரவாசிகள் எல்லோரும் சேர்ந்து செய்தியாளர்களோடு பயிலரங்குகள் நடத்தினார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பயமுறுத்தும் தொனி குறைந்து விளக்கும் தொனி கூடியிருந்தது தெரிந்தது.

யானை விஷயத்திலும் இதே கதைதான். ஒருவர் இறந்தால் செய்தி. இறப்பு குறைந்தால் செய்தி இல்லை. வால்பாறையில் இறப்புகளில் பெரும்பாலானவை யானை அருகில் இருப்பது தெரியாமல் எதிரே போய் நின்றதால் நேர்ந்தவை என்பதை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் (என்.சி.எஃப்.) என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்புறம் வந்தவைதான் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு விளக்கு எல்லாம். யானை பக்கத்தில் நின்றால் விளக்கு எரியும். அதையும் செல்பேசியிலிருந்தே எரியவிடலாம். தோட்டத் தொழிலாளி வேலை முடிந்து இருட்டில் திரும்பும்போது, அந்த விளக்கைப் பார்த்து வேறு வழியில் போவார், அல்லது காத்திருப்பார். இதை எழுத ஒரு மாலை நேரம் அங்கே நின்றாலே போதும். ஆனால் "எதுவும் நடக்கவில்லை" என்பதைச் செய்தியாக்கும் பொறுமை நமக்குக் குறைவு.

எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மதிப்பீடு. வேறெந்தக் காட்டுயிரும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தும் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்பதைவிட, சிறுத்தை வந்து போன தெருவுக்குத்தான் நாம் அதிகம் போகிறோம்.

படங்களைப் பற்றி ஒன்று. கூடு, குகை, குட்டிகள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுத்தில் மறைத்துவிட்டுப் படத்தில் காட்டிக்கொடுக்கிறவர்கள் நிறைய. செல்பேசிப் படத்துக்குள் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். பின்னணியில் தெரியும் பாறை உள்ளூர்க்காரருக்கு விலாசம். இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் உள்ள நீள்கழுத்து ஆமை தனி இனம் என்று 1994இல் அறிவிக்கப்பட்டது. செல்லப்பிராணி வியாபாரிகள் அங்கே குவிந்தார்கள். சில ஆண்டுகளில் அது காட்டில் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. இப்போது பல ஆய்வாளர்கள் புதிய இனங்களின் சரியான இடத்தைத் தங்கள் கட்டுரையிலேயே மறைக்கிறார்கள். அவர்கள் மறைத்ததை "பிரத்யேகம்" என்று நாம் போடக்கூடாது. இடத்தை மாவட்ட அளவில் நிறுத்திக்கொண்டால் வாசகருக்கு எந்த நட்டமும் இல்லை.

காட்டுயிர்ச் செய்தி காட்டுக்குள்தான் கிடைக்கும் என்று நினைப்பது இன்னொரு தவறு. பாறுக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் இந்தியா முழுக்க அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. பூச்சிக்கொல்லி, நோய், உணவுத் தட்டுப்பாடு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விடை 2004இல் வந்தது: மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. மருந்து போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று இன்னொரு தடை. இந்தச் செய்தியைத் தேட மலை ஏற வேண்டியதில்லை. மருந்துக்கடைக்கும் கால்நடை மருத்துவரிடமும் போனால் போதும். ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது என்பதை மட்டும் பார்த்தால், அது எதனால் சாகிறது என்பதைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

உள்ளூர் மக்களை வில்லனாக்குவதும் சுலபமாக நடந்துவிடும். 2012இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்துக்கு வலசை வந்த அமுர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலைபோட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதை வெளியுலகுக்குச் சொன்ன குழுவில் மூத்த செய்தியாளர் பானோ ஹராலுவும் இருந்தார். காணொளி பார்த்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்போடு நின்றிருந்தால் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்டி கிராமத்து மக்களின் பெயர் கெட்டதைத் தவிர வேறொன்றும் நடந்திருக்காது. ஆனால் அந்தக் குழு திரும்பப் போனது, பேசியது. அணை வந்ததால் விளைநிலத்தை இழந்தவர்கள் அந்த மக்கள். வருமானத்துக்குத்தான் வல்லூறு பிடித்தார்கள். அடுத்த ஆண்டே, 2013இல், கிராம சபைகள் வேட்டையை நிறுத்தின. நிலத்தை இழந்த கதையை விட்டுவிட்டு வலையை மட்டும் எழுதியிருந்தால் அது பாதிச் செய்தி.

மறுபக்கமும் உண்டு. சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்கவோ ஆய்வு செய்யவோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதியின்றி நுழைந்துவிட்டு அதைச் சாகசமாக எழுதுவது குற்றத்தை நாமே ஒப்புக்கொள்வது. சரி, அனுமதி வாங்கியாயிற்று. ஜீப் அவர்களுடையது, தங்கும் அறை அவர்களுடையது, வழிகாட்டி அவர்களுடையவர். மெல்ல மெல்லக் கதையும் அவர்களுடையதாகிவிடும். திரும்பும் வழியில், எந்த அதிகாரியும் கூட இல்லாமல், காட்டோரத்தில் வாழ்கிறவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். காட்டில் வாழ்கிறவர்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. பட்டா கிடைத்ததா என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நீளும்.

கடைசியாக ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் யானைக்கும் பாம்புக்கும் பயப்படுவார்கள். இந்த வேலையில் உயிர் போவது பெரும்பாலும் மனிதர்களால்தான். 2009க்கும் 2023க்கும் இடையில் சுற்றுச்சூழல் செய்தி சேகரித்தவர்களில் 44 பேர் கொல்லப்பட்டதாக யுனெஸ்கோ 2024இல் சொன்னது. பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கில் 2022 ஜூனில் பிரிட்டிஷ் செய்தியாளர் டாம் ஃபிலிப்ஸும் பழங்குடிகளுக்காகப் பாடுபட்ட புரூனோ பெரெய்ராவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே பின்னணியில் இருந்தது சட்டவிரோத மீன்பிடிப்பு. மரம், மணல், மீன், தந்தம் என எதில் பணம் புரள்கிறதோ அதைப் பற்றி எழுதும்போதுதான் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.

நாமாவது ஊர் திரும்பிவிடுவோம். தகவல் சொன்ன வேட்டைத் தடுப்புக் காவலர் அங்கேயேதான் இருப்பார். அவர் பெரும்பாலும் தற்காலிக ஊழியர்; "பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்" என்று எழுதிவிட்டு, அவர் பணிபுரியும் சிறிய முகாமின் பெயரைப் போட்டால் அவர் யார் என்று வனச்சரகருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முகாம் பெயர், பணிக்கு வந்த ஆண்டு, அவர் மட்டும் பார்த்திருக்கக்கூடிய காட்சி ஆகியவற்றை வெளியிடும் முன் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் எதை எடுக்கச் சொல்கிறாரோ அதை எடுத்துவிடுங்கள். செய்தி கொஞ்சம் சுவை குறைந்தாலும் பரவாயில்லை.