ரேம் நிறைந்துவிட்டதா? எந்த எண்ணைப் பார்ப்பது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி 78 சதவீதம் என்று பார்த்தவுடன் பலர் செய்கிற முதல் வேலை, ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் ஏதாவது ஒரு ரேம் கிளீனரை இறக்கிப் போடுவது. நானும் போட்டிருக்கிறேன். பொத்தானை அமுக்கினேன், 78 சடாரென்று 40 ஆனது, மனசு குளிர்ந்தது. அப்புறம் பிரவுசரைத் தொட்டால் நாலு விநாடி அசையாமல் நின்றது. சுத்தம் செய்த பிறகு ஏன் இன்னும் மெதுவானது? இதற்குப் பதில் தெரிந்தால் மெமரி மேலாண்மையில் பாதி புரிந்த மாதிரிதான்.

அடிப்படையை மட்டும் பார்த்துவிடுவோம். எந்த நிரலுக்கும் ரேமின் உண்மையான முகவரி தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பொய் முகவரி வெளியை இயங்குதளம் கொடுத்து வைத்திருக்கிறது, அதைத்தான் மெய்நிகர் நினைவகம் என்கிறோம். அந்த வெளியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பேஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண பிசியில் ஒரு பேஜ் 4 கேபி, ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் 16 கேபி. 8 ஜிபி ரேமை 4 கேபியால் வகுத்துப் பாருங்கள், 20 லட்சத்துக்கும் மேல் பேஜ்கள் வரும். எந்த நிரலின் எந்தப் பேஜ் ரேமில் எங்கே கிடக்கிறது, அல்லது ரேமிலேயே இல்லையா என்பதையெல்லாம் பேஜ் டேபிள் என்ற அட்டவணையில் குறித்து வைப்பது இயங்குதளத்தின் வேலை. அட்டவணையைப் பார்த்து முகவரியை மாற்றித் தருவது பிராசசர். இது நேற்று வந்த தந்திரம் இல்லை, 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இது இருந்தது.

நிரல் தொட்ட பேஜ் அட்டவணைப்படி கைவசம் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது பிழை இல்லை, தினமும் லட்சக்கணக்கில் நடக்கும். தேடிய பேஜ் ரேமில் வேறு பட்டியலில் இருந்தால் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், இது சாஃப்ட் ஃபால்ட். டிஸ்க் வரை போய் எடுத்துவர வேண்டியிருந்தால் ஹார்டு ஃபால்ட். வலிப்பது இதுதான். ரேமை எட்டுவதற்குச் சுமார் 100 நானோ விநாடி என்றால், எஸ்எஸ்டிக்கு அதைப்போல ஆயிரம் மடங்கு, சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு லட்சம் மடங்கு ஆகும். அந்தக் கிளீனர் செய்த காரியமும் இப்போது விளங்கும். ஓடிக்கொண்டிருந்த நிரல்களிடமிருந்து பேஜ்களைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, காலி ஆக்கிவிட்டேன் என்று கணக்குக் காட்டியது. பிரவுசர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதற்குத்தான் அந்த நாலு விநாடி.

சரி, எதைப் பார்ப்பது? லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ஃப்ரீ கட்டளையை ஹைஃபன் எச் சேர்த்து அடியுங்கள். என் பழைய லேப்டாப்பில் மொத்தம் 7.6 ஜிபி, பயன்பாட்டில் 4.1, காலி வெறும் 0.3, கேஷ் 3.2 என்று வந்தது. காலி 0.3 என்றதும் நெஞ்சு பதறும், ஆனால் அதே வரியின் கடைசியில் அவைலபிள் என்ற பத்தியில் 3.1 இருக்கிறது, பார்க்க வேண்டியது அதைத்தான். படித்த கோப்புகளை, மறுபடியும் கேட்டால் உடனே கொடுக்கலாமே என்று இயங்குதளம் சும்மா கிடக்கிற ரேமில் வைத்துக்கொள்கிறது, அதுதான் கேஷ். யாராவது இடம் கேட்டால் அவற்றில் பெரும்பகுதியை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். காலியாகக் கிடக்கிற ரேமால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போனால் ஸ்டாண்ட்பை என்று நீல நிறத்தில் தெரிவதும் இதே சரக்குதான்.

நம்பிக்கை வரவில்லையா, செய்தே பாருங்கள். ஒரு 2 ஜிபி வீடியோவை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுங்கள், ஸ்டாண்ட்பை வீங்குவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து பிரவுசரில் முப்பது டேபைத் திறந்தால் அதே ஸ்டாண்ட்பை சத்தமில்லாமல் சுருங்கும்.

இன்னொரு குழப்பம், லினக்ஸ் டாப் கட்டளையில் வருகிற விர்ட், ரெஸ் என்ற இரண்டு பத்திகள். விர்ட் என்பது நிரல் கேட்டு வாங்கி வைத்திருக்கும் முகவரி வெளி, பல ஜிபி காட்டினாலும் குடி முழுகிவிடாது. ஒரு நிரல் 1 ஜிபி கேட்டால் லினக்ஸ் சரி என்று தலையாட்டிவிடும், எழுதப் போகும்போதுதான் பேஜ் பேஜாக ரேமைக் கொடுக்கும். ரெஸ்தான் இப்போது ரேமில் உட்கார்ந்திருக்கும் அளவு. அதையும் எல்லா நிரல்களுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்க்காதீர்கள், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளை ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் எழுதுவதால் மொத்த ரேமையே தாண்டினாலும் தாண்டும்.

இப்படித் தலையாட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. வாக்கு வாங்கிய எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டால் கொடுக்க ரேமும் இருக்காது, ரேம் போதாதபோது பேஜ்களைத் தள்ளி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் என்ற இடமும் இருக்காது. அப்போது லினக்ஸின் ஓஓஎம் கில்லர் என்ற காவலாளி வந்து, பெரும்பாலும் நிறைய மெமரி தின்கிற நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும். பிழைச்செய்தி எதுவுமின்றி நிரல் காணாமல் போனால் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் இந்த விஷயத்தில் கறார். ரேமும், ஸ்வாப் போலவே டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவுக்கு மேல் வாக்கே கொடுக்காது. அதனால்தான் 16 ஜிபி இருக்கிறதே என்று பேஜ் ஃபைலை அணைத்து வைக்காதீர்கள் என்கிறேன், ரேமில் இடம் இருக்கும்போதே மெமரி இல்லை என்று நிரல்கள் விழத் தொடங்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் மூடிவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

மற்றவர்கள் கணினி உண்மையிலேயே திணறுகிற அந்த நேரத்தில் அளக்க வேண்டும், நன்றாக ஓடும்போது அளந்து பயனில்லை. விண்டோஸ் என்றால் ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்டு ஃபால்ட்ஸ் வரைபடம், லினக்ஸ் என்றால் விஎம்ஸ்டாட் கட்டளையோடு 1 சேர்த்து அடித்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகள், ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவதும் ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும் அதில் தெரியும். ஒரு நிரலைத் திறக்கும்போது ஒரு துள்ளல் துள்ளி அடங்கினால் விட்டுவிடுங்கள். நிமிடக்கணக்கில் இறங்காமல் நின்றால் ரேம் போதவில்லை. ஆனாலும் உடனே ரேம் வாங்க ஓடாமல், எந்த நிரலின் அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரு நாள் குறித்து வையுங்கள். ஒரே ஒரு நிரல் மட்டும் ஏறுகிறது, இறங்குவதே இல்லை என்றால் அது மெமரி லீக், அதாவது வாங்கிய மெமரியை நிரல் திருப்பித் தராத கோளாறு. 32 ஜிபி போட்டாலும் அதையும் தின்றுவிடும், அந்த நிரலை மூடித் திறப்பதோ புதிய பதிப்புக்கு மாறுவதோதான் வழி.