முதுமலை வேனில் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பது எப்படி

முதுமலையில் வனத்துறையின் காட்டுச் சவாரிக்குத் தெப்பக்காட்டில் வேன் ஏறுகிறவர்கள் டிரைவரிடம் முதலில் கேட்பது, "புலி தெரியுமாண்ணா?" என்பதுதான். அது அவருக்கே தெரியாத விஷயம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். வேன் போகும் பாதை அதில் ஒரு நூல் அகலம். புலியை வரவழைக்க யாராலும் ஆகாது. ஆனால் இருபதடி தள்ளி நிற்கும் காட்டுமாட்டைக் கவனிக்காமலே கடந்துபோவதைத் தவிர்க்கலாம். அது பழக்கத்தால் வருவது. நாலைந்து விஷயங்களைத் தெரிந்துகொண்டு ஏறினால் முதல் சவாரியிலேயே பலன் தெரியும்.

டிவியில் ஆப்பிரிக்கக் காடுகளைப் பார்த்த கண் இங்கே உதவாது. கென்யாவின் மசாய் மாரா பெரும்பாலும் புல்வெளி. தூரத்தில் படுத்திருக்கும் சிங்கத்தைக்கூட பைனாகுலரில் பிடித்துவிடலாம். இங்கே சாலையோரத்திலேயே உண்ணிச்செடி (லான்டானா புதர்) சுவர் மாதிரி நிற்கிறது. விலங்கு தெரிவது அந்தச் சுவரில் உள்ள இடைவெளியில், அதுவும் இரண்டு மூன்று விநாடிதான்.

எந்த மாதம் என்பது முக்கியம். காப்பகத்தின் மேற்குப் பக்கம், கார்குடி தெப்பக்காடு பகுதி, தென்மேற்குப் பருவமழை வாங்கும் தேக்கும் மூங்கிலும் உள்ள காடு. கிழக்கே மசினகுடி, மாயாறு பக்கம் மலையின் மழை மறைவு. முள்மரங்களும் குட்டைப் புதரும்தான். ஜூனிலிருந்து மழை பெய்து புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் மேற்கில் மான் நின்றாலும் காது மட்டும்தான் தெரியும். ஜனவரிக்கு மேல் தேக்கு இலை உதிர்த்ததும் பார்வை உள்ளே போகத் தொடங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் சில இடங்களில் மட்டும் இருப்பதால் விலங்குகள் அங்கே கூடும். பார்க்க அதுதான் நல்ல காலம், ஆனால் காட்டுத்தீ அபாயமும் அப்போதுதான். வனத்துறை சவாரியை நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. நேரம், கட்டணம், நிறுத்தம் மூன்றையும் புறப்படும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலைச் சவாரிக்கு வருவதென்றால் முந்தைய இரவே மசினகுடியிலோ கூடலூரிலோ தங்கிவிடுவது நல்லது. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக வந்தால் சுமார் 67 கிலோமீட்டர். கல்லட்டி வழி அதில் பாதிதான் என்றாலும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. மைசூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் இ-பாஸும் தேவை. எந்த வழியாக வந்தாலும் காட்டுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். "ராத்திரி ஜீப்பில் கூட்டிப் போறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் மிரளும் யானைக்கு அது கொடுமை.

உடை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சிவப்புதான் ஆகாது என்பார்கள். மான் இனங்களுக்கு சிவப்பு மங்கலாகத்தான் படும். நீலத்தைத்தான் அவை நன்றாகப் பிரித்தறியும். அதனால் நீல ஜீன்ஸ் ஜாக்கெட்டும் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையும்தான் முதலில் தவிர்க்க வேண்டியவை. காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை போதும். டிசம்பர், ஜனவரி விடியலில் ஸ்வெட்டர் வேண்டும். ஒன்பது மணிக்குள் அதைக் கழற்றத் தோன்றும். ஆகவே ஒரே தடித்த கோட்டைவிட இரண்டு மெல்லிய அடுக்குகள் வசதி. சென்ட், தலையில் மல்லிகை இரண்டும் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்பு காட்டில் பேச்சைவிட மோசமாகக் கேட்கும், அதை அறையிலேயே விட்டுவிடுங்கள். பாத்ரூம் வேலையையும் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள். நடுவழியில் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42. எட்டு மடங்குக்கு மேல் போனால் வண்டி அதிர்வில் படம் ஆடும். 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விடியல் வெளிச்சத்துக்கு அது தேவை. சட்டைப் பையில் அடங்கும் 10x25-இல் இது வெறும் 2.5 மில்லிமீட்டர். மதியம் சரி, காலை ஆறரை மணிக்கு இருட்டுதான் தெரியும். முதலில் வெறும் கண்ணால் விலங்கைப் பார்த்து, கண்ணை எடுக்காமலே பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து அதைத் தேடினால் நிமிரும்போது விலங்கு நின்ற இடம் தவறிவிடும். வீட்டு மாடியில் காக்கையை வைத்து ஒரு வாரம் பழகினாலே கை படிந்துவிடும்.

கேமராவுக்கு 300 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் போதும். ஷட்டரை 1/500 விநாடிக்குக் கீழே இறக்காதீர்கள். வெளிச்சம் பற்றாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600-க்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு துணிப்பையில் முக்கால் கிலோ அரிசி போட்டுத் தைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸ் அசையாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மொபைல் மட்டும் இருந்தால் ஜூம் செய்யாமல் வீடியோ எடுங்கள், சைலன்டில் போட்டுவிட்டு.

இப்போது முக்கியமான விஷயம்: எதைத் தேடுவது. முழு மிருகத்தைத் தேடினால் கிடைக்காது. அதன் ஒரு துண்டைத் தேட வேண்டும். காட்டில் மரமெல்லாம் செங்குத்துக் கோடு. நடுவே படுக்கை வாக்கில் ஒரு கோடு கண்ணில் பட்டால் அது விழுந்த மரமாகவோ ஏதோ ஒன்றின் முதுகாகவோ இருக்கும். அங்கே நிறுத்திப் பாருங்கள். காது அசைகிறதா, வால் ஆடுகிறதா?

உண்ணிச்செடிக்குள் மேலே பார்க்காதீர்கள், அடியில் பாருங்கள். இலையெல்லாம் மேலேதான், தரையிலிருந்து ஒன்று இரண்டடி உயரத்துக்குத் தண்டுகள் மட்டும் இருப்பதால் பார்வை புகும். காட்டுமாட்டின் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போலிருக்கும். கறுத்த உடம்பு புதரில் மறைந்தாலும் அந்த நான்கு வெள்ளைக் கால்கள் காட்டிக்கொடுத்துவிடும். (காட்டெருமை என்று பலர் சொன்னாலும் அது எருமை இனமல்ல, மாட்டினம்தான்.) யானையைச் சாம்பல் நிறத்தில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். குளித்துப் புழுதி பூசிக்கொள்வதால் அந்தந்த மண்ணின் நிறம்தான் யானையின் நிறம், மசினகுடிப் பக்கம் செம்மண். மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் அங்கே மேய்கிறது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். சிறுத்தையைத் தரையில் மட்டும் தேடாமல் பாறை விளிம்பு, கிடைமட்டமான பெரிய கிளை, அதிலிருந்து தொங்கும் வால் ஆகியவற்றைப் பாருங்கள். தொங்கும் வால் பெரும்பாலும் மலை அணிலுடையதாகவோ மந்தியுடையதாகவோதான் இருக்கும், இருந்தாலும் பாருங்கள். கரடிக்குக் கரையான் புற்று, அத்தி மரத்தடி. செந்நாய் ஒன்று சாலையைக் கடந்தால் வண்டியை எடுக்கச் சொல்லாதீர்கள். கூட்டமாகத் திரியும் விலங்கு அது, பின்னால் இன்னும் வரும்.

கண்ணைவிடக் காது அதிகம் சம்பாதித்துத் தரும். புலியோ சிறுத்தையோ நடந்தால் மற்றவை கத்திச் சொல்லிவிடும். புள்ளிமானின் எச்சரிக்கை கூர்மையான ஒற்றைக் கூவல். கடமானுடையது லாரி ஹாரனை ஒருமுறை தட்டியது போல "பாங்" என்று வரும். மந்தி தொண்டையைச் செருமுவது போலக் கொக்கென்று இருமும். கேளையாடு என்ற சிறிய மான் நாய் மாதிரியே குரைக்கும். இவற்றில் புள்ளிமானை உடனே நம்பிவிடாதீர்கள். அது பயந்த பிராணி, சருகு சரசரத்தாலும் கத்தும், நாயைப் பார்த்தாலும் கத்தும். மரத்தின் மேலிருந்து கீழே பார்க்கும் மந்தியின் சாட்சி அதைவிடக் கனமானது. கடமான் வாலைத் தூக்கி முன்காலால் தரையை உதைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கத்தினால் பெரும்பாலும் பொய்யாகாது.

சத்தம் கேட்டதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. கத்தும் மானைப் பார்க்காதீர்கள், அது பார்க்கும் திசையைப் பாருங்கள். மான் கூட்டம் முழுக்க ஒரே பக்கம் முகத்தை வைத்து நின்றால் ஆள் அங்கேதான். கத்தல் ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்துக்கு நகர்ந்தால் புலியோ சிறுத்தையோ நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்து, சாலையை அது கடக்கக்கூடிய அடுத்த இடைவெளிக்கோ ஓடைப் பாலத்துக்கோ முன்கூட்டியே போய் நிற்பதா என்பதை டிரைவர் முடிவு செய்வார். பின்னாலேயே துரத்தினால் அது காட்டுக்குள் ஒதுங்கிவிடும். கத்தல் நின்றுவிட்டால் ஒன்று படுத்துவிட்டது, அல்லது போய்விட்டது.

விலங்கைப் பார்த்தவர் மற்றவர்களுக்குச் சொல்வதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. "அங்க, அங்க!" என்று கையை நீட்டி எழுந்தால் வண்டி ஆடும், விலங்கு ஓடும், பின்னால் இருப்பவருக்கு உங்கள் முதுகுதான் தெரியும். பக்கம், அடையாளம், உயரம், தூரம் என்ற வரிசையில் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்: "இடது பக்கம், ரெண்டாவது தேக்கு, அடியில, அம்பதடி." குழந்தைகளோடு வந்தால் இதை முந்தின நாளே விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். பெரியவர்களைவிட அவர்களே சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

யானைக்கு மட்டும் தனி ஒழுங்கு. காதை விரித்து நிற்பது, முன்காலால் மண்ணைக் கிளறுவது, தும்பிக்கையைத் தூக்கி உங்கள் பக்கம் மோப்பம் பிடிப்பது எல்லாம் "போதும், தள்ளிப்போ" என்பதற்கான அறிகுறிகள். பிளிறிக்கொண்டு காதை அகல விரித்து ஓடிவருவது பல நேரம் மிரட்டல்தான். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது விளையாட்டல்ல. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதம் பிடித்த ஆண். அங்கே நிற்கவே வேண்டாம். தந்தம் இல்லாததால் பெண் யானை என்று நினைத்துவிடாதீர்கள், தந்தம் வளராத மக்னா ஆணாக இருக்கலாம். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமுமாக இருந்தால் நடுவில் வண்டி போகக்கூடாது, கடைசி யானை கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். அலறுவதோ ஹாரன் அடிக்கச் சொல்வதோ கூடாது. இந்த நேரத்தில் டிரைவரும் வனத்துறை வாட்சரும் சொல்வதுதான் சட்டம். வாட்சர்களிலும் தெப்பக்காடு முகாமின் பாகன்களிலும் பலர் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடிகள். அவர்கள் கண்ணுக்கு எட்டுவது நமக்கு எட்ட வருஷங்கள் ஆகும்.

சாலையோரப் புழுதியில் தடம் தெரிந்தால் ஜன்னலிலிருந்தே படிக்கலாம். நான்கு விரல், நகம் பதியாமல், விரல்களுக்குப் பின்னுள்ள மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு இருந்தால் பூனையினம். நகம் பதிந்திருந்தால் நாயோ செந்நாயோ. யானையின் முன்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் கிட்டத்தட்ட அதன் தோள் உயரம் வரும். நான்கரை அடிச் சுற்றளவு என்றால் ஒன்பதடி யானை.

எடுத்த படத்தைப் பகிரும்போது இடத்தின் பெயரைப் போடாதீர்கள், மொபைலில் லொகேஷனையும் அணைத்துவிடுங்கள். புலி படுத்திருந்த ஓடை எது என்று பரவினால் மறுநாளே அங்கே பைக்குகள் வரிசை கட்டும். நோட்டில் மட்டும் நேரம், எண்ணிக்கை, ஆணா பெண்ணா, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள்.

காலைச் சவாரி முடிந்ததும் உடனே அறைக்கு ஓடாமல், மசினகுடிப் பக்கம் திறந்தவெளி கிடைத்தால் பத்து மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். வெயில் ஏறி வெப்பக் காற்று எழும்பும்போதுதான் பாறுக் கழுகுகள் வட்டமிடத் தொடங்கும். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து இறந்த மாட்டின் உடல் வழியாக இவற்றை இந்தியா முழுக்கக் கொன்று குவித்தது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. தென்னிந்தியாவில் இவை இன்னும் கூடு கட்டும் சில இடங்களில் மசினகுடியை ஒட்டிய சிகூர் பீடபூமி ஒன்று. இறக்கையின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளையாகத் தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. தலை சிவந்து உடல் கறுத்திருந்தால் செந்தலைப் பாறு. அது பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோதான் வரும். ஓடைக்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் இருக்கும். கண்ணில் பட்டாலும் மரத்தடிக்குப் போகாமல் தூரத்திலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும்.